பாம்புக்குப் பெண் பார்த்த நூல்கண்டார்

பதுளை நகரத்தின் சரித்திரத்தில் பாம்புக்குப் பெண் பார்த்த ஒரே மனிதர் நூல்கண்டார்தான். அவருக்கு முன் யாரும் பார்த்ததில்லை. இனி யாரும் பார்க்கப் போவதுமில்லை. ஏதோ போனோம் பார்த்தோம் என்று வருகிற ஆள் இல்லை அவர். மழையில் குடையும் வாளியுமாக வயல் வயலாக இறங்கி, அகப்பட்ட பெண்களையெல்லாம் தட்டிக்கழித்து, "மூஞ்சி சரியில்ல தம்பி, கோவக்காரியா இருக்கா" என்று ஒன்றைத் திரும்ப வாய்க்காலில் விட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து வீடு வந்தவர்.

அவருடைய நிஜப்பெயர் தெருவில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் சந்தில், இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே நெரிபட்டுக்கொண்டு நின்றது அவருடைய கடை. நூல், பட்டன், லேஸ், கொக்கி, எலாஸ்டிக். கடையைப் போலவே ஆளும் ஒடுங்கல். யாரோ எப்போதோ வைத்த 'நூல்கண்டு' என்ற பட்டப்பெயருக்கு, வயதை முன்னிட்டுத் தெரு ஓர் 'ஆர்' சேர்த்து மரியாதை செய்திருந்தது.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பதுளை, பசறை, மொனராகலை என்று மோட்டார் சைக்கிளில் அலைந்து, டாக்டர்மாரின் அறை வாசலில் காத்துக் கிடப்பது தொழில். கடைக்கு மேல் இருந்த அறையில் குடியிருந்தேன். எப்போதும் ஈரமாக இருக்கும் அறை அது. ஒரு வாரம் மழை பிடித்தால் என் கழுத்துப்பட்டியில் பூஞ்சணம் பூத்துவிடும். கீழே நூல்கண்டாரும் அவருடைய அக்காவும். கணவரை இழந்து தம்பியோடு வந்து தங்கிய அந்த அம்மாவைத் தெருவே பெரியக்கா என்றுதான் கூப்பிட்டது. கடைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திட்டக்கூடிய ஆற்றல் பெரியக்காவுக்கு இருந்தது.

நிறம் பார்ப்பதில் நூல்கண்டாரை மிஞ்ச ஆளில்லை. அது வரம் போலத் தொடங்கி, கடைக்கு வருகிறவர்களுக்குச் சாபமாக முடியும். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, "பச்சை நூல் குடுங்க" என்று கேட்டுவிட்டால் போதும்.

"எந்தப் பச்சைம்மா? கொழுந்துப் பச்சையா, முத்தல் பச்சையா?"

"ஏதோ ஒண்ணு குடுங்க, பஸ்ஸு போயிரும்."

"அவசரப்படாதம்மா. ஒங்க துணி மழ பேஞ்சு வெறிச்ச பச்சை. இருங்க, எடுக்கிறேன்."

அவர் எடுப்பதற்குள் பஸ் போயிருக்கும். அப்படிப் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்று பக்கத்துத் துணிக்கடையில் சொன்னார்கள். அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்டேன். மழை இன்னும் நிற்கவில்லையே என்று வானத்தைப் பார்த்தார்கள்.

பாம்பு வந்தது அப்படி ஒரு மழைநாளில்தான். கடைக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கான் நிரம்பி வழிந்தபோது, தண்ணிப்பாம்பு ஒன்று அடித்துக்கொண்டு வந்து கொல்லைப் படியில் ஒதுங்கியிருந்தது. தண்ணிப்பாம்பு எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. விஷமும் கிடையாது, ரோஷம் மட்டும்தான். ஆனால் பழுப்பு நிறத்தில் கட்டம் போட்டு இருக்க வேண்டிய அந்தப் பாம்பு வெள்ளையாக இருந்தது. அவித்த இடியப்ப வெள்ளை. கண் இரண்டும் ரோஸ் கலர்.

துணிக்கடைப் பையன்கள் கம்பு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் மாடிப்படியில், எவ்வளவு உயரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் நின்றேன். நூல்கண்டார் குறுக்கே விழுந்தார்.

"அடிக்காதீங்கடா! வெள்ளையா பொறந்தது அது செஞ்ச குத்தமா?"

ஒரு பாம்புக்கு இவ்வளவு சத்தம் போடுவாரா என்று நினைத்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முனையால் அதைப் பிடித்தார். அது உடனே அவர் கையைக் கடித்தது. "கடிச்சுக்க, கடிச்சுக்க, பயந்துட்ட" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுபோனார். அன்றிலிருந்து லேஸ் சுருள்கள் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியில் லேஸ் இல்லை.

செய்தி பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. வெள்ளை நாகம்மா நூல்கடையில் இறங்கியிருக்கிறாள் என்று தோட்டங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் முட்டை, பால், மஞ்சள், கற்பூரம். ஓர் அம்மா சாமியாடிக் குறி சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். நூல்கண்டார் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார்.

"தாயே, இது நாகமும் இல்ல, அம்மாவும் இல்ல. இது ஆம்பளத் தண்ணிப்பாம்பு. பாலு குடிக்காது. தவளதான் தின்னும்."

"அம்மன் எந்த ரூபத்துலயும் வருவா" என்று சாமியாடியபடியே அந்த அம்மா பதில் சொன்னாள்.

தவளை பிடிக்கும் வேலையை நூல்கண்டாரே செய்தார். மாலையானால் ஆற்றோர வயலில் குடைக்குள் தவளை விரட்டும் அவரைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து நின்றார்கள். பிடித்து வந்தவற்றை மாடிப்படிக்குக் கீழே வாளியில் மூடிவைப்பார். ஒரு நாள் மூடி சரியாக மூடப்படவில்லை. மறுநாள் பசறையில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, புது மருந்தின் பெருமைகளைச் சொல்லி முடித்து, மாதிரிப் பொட்டலம் எடுக்கப் பையைத் திறந்தேன். தவளை ஒன்று குதித்து அவருடைய மேசையில் உட்கார்ந்தது. டாக்டர் தவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சாப்பாட்டுக்கு முந்தியா, பொறகா?" என்று கேட்டார்.

அந்த நாட்களில் நூல்கண்டார் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டுக் கைத்தொலைபேசியில் படம் காட்டச் சொல்வார். வெளிநாட்டில் கார்ட்டர் பாம்பு என்று ஒன்றை வீட்டில் நாய்க்குட்டி போல வளர்க்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று வேண்டிய நிறத்துக்கு ஜோடி சேர்த்துக் குட்டி எடுக்கிறார்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று நான் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"காலுறை வழுக்காமக் கட்டுற பட்டியா? நம்ம விக்கிற எலாஸ்டிக்கா? அந்தப் பேரையா பாம்புக்கு வச்சிருக்கான்?" தொழில்முறைச் சொந்தம் கிடைத்துவிட்டது போல உருகிப்போனார்.

படத்தில் பேசியவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வெள்ளை நிறம் ஒரு குட்டிக்கு வெளியே தெரிய வேண்டுமென்றால் அப்பனிடமிருந்தும் வர வேண்டும், அம்மாவிடமிருந்தும் வர வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் அது உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். வெளியே பார்க்க எல்லோரையும் போலத்தான் இருக்கும். ஒளித்துவைத்திருக்கும் இரண்டு பேர் ஜோடி சேர்ந்தால், நாலு குட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் வெள்ளை பிறக்கலாம்.

நூல்கண்டார் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும்னா சொல்றான்?"

"ரெண்டு பக்கமும்தான்ணே."

"பொம்பளப் பக்கம் மட்டும் இல்லையே?"

"இல்லண்ணே."

அவர் ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வெளிய சுத்தியிருக்கிறது பழுப்பு நூலு. உள்ள இருக்கிற அட்டை வெள்ளை. பிரிச்சாத்தானே தெரியும்?" அடுத்த நாள் குடையும் வாளியுமாகப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெண் அமைந்து, முட்டையும் போட்டது. ஈரத் தேங்காய்த் தும்புத்தூள் பரப்பிய பிஸ்கட் டின்னில் முட்டைகளை வைத்து, பெரியக்காவுக்குத் தெரியாமல், சூட்டுக்காகக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏற்றிவைத்தார். குட்டிகள் வந்த நாளில் தெருவே எட்டிப் பார்த்தது. அத்தனையும் பழுப்பு. கட்டம் போட்ட சாதாரணத் தண்ணிப்பாம்புக் குஞ்சுகள், நூல் துண்டுகள் மாதிரி நெளிந்தன. "அம்மன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று கற்பூரம் கொளுத்த வந்தவர்கள் கலைந்தார்கள். நூல்கண்டாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"ஒண்ணுகூட வெள்ளை இல்ல தம்பி! எல்லாம் உள்ள ஒளிச்சு வச்சிருக்கு!"

நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியை வாய்க்காலில் விட்டார். அவை வளர்ந்து, தங்களுக்குள் ஜோடி சேர்வதற்காகக் காத்திருக்கப் போவதாகச் சொன்னபோது, பெரியக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"கூடப் பொறந்ததுகளையா சோடி சேப்ப? பாவி! முறையில்லையா?"

"பாம்புக்கு என்னக்கா முறை."

"பாம்புக்கு இல்லாட்டி ஒனக்கு இருக்கணும்டா!"

அந்தக் குளிர்காலத்தில் வெள்ளைப்பாம்பு இரை எடுக்கவில்லை. வாயில் புண் வந்து, உடம்பு சுருங்கி, ஒரு காலையில் தண்ணீர்ச் சட்டிக்குள் அசையாமல் கிடந்தது. அதைக் கொல்லையில் புதைத்துவிட்டு, மண் அப்பிய கையோடு மாடிப்படியில் உட்கார்ந்தார் நூல்கண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றுதான் சொன்னார்.

அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். மனைவி புவனா பசறைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் எல்ல என்ற மலையூரில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை செய்தாள். திரைச்சீலைக்குப் பச்சை நூல் வாங்க வந்து பஸ்ஸைத் தவறவிட்டவள் அவள்தான். லயத்துப் பெண்ணை வீட்டுக்குள் எடுத்ததே பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. குழந்தை பிறந்தது. முடி வெள்ளை, இமை வெள்ளை, தோல் ரோஸ் கலந்த வெள்ளை. டாக்டர் இது நிறம் ஊறாத ஒரு குறை, பரம்பரையில் வருவது என்று சொன்னார். பெரியக்கா டாக்டரைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில், நாலு பேர் நடுவில் சொன்னார்: "எல்லவுல வெள்ளக்காரனுக்குப் படுக்க விரிச்சுப் போட்டவதானே."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"நான் நின்னுக்கிட்டு இருந்தேன் தம்பி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். நின்னுக்கிட்டேதான் இருந்தேன். அவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்படியே பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டா."

மழை தூறத் தொடங்கியது. அவர் உள்ளே போகவில்லை.

"அக்காவுக்குப் படிப்புச் சொன்னா ஏறாது. கண்ணால காட்டணும். பழுப்புக்கும் பழுப்புக்கும் வெள்ளை பொறக்கிறத ஒரே ஒரு தடவ காட்டிட்டா, அப்புறம் நான் பசறைக்குப் போவேன்."

அதன் பிறகு அந்தப் பாம்புகளைப் பார்த்து நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. பயந்தது ஞாபகமிருக்கிறது.

பாம்புக் குஞ்சு பெரிதாக வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒன்று செத்தது, ஒன்று ஓடிப்போய்த் துணிக்கடையில் சேலைகளுக்கு நடுவே கண்டெடுக்கப்பட்டது. கடைசியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மிஞ்சின. பெண் முட்டையிட்ட அதே வாரம், யாரோ தகவல் சொல்லி, வனஜீவராசிகள் அதிகாரி ஒருவர் காக்கிச் சட்டையோடு கடைக்குள் நுழைந்தார். சிங்களவர், பொறுமைசாலி.

"மொதலாளி, இது வீட்ல வச்சிருக்க ஏலாது. சட்டம் இருக்கு."

"தெரியுங்க சேர். இந்த முட்டை பொரிக்கிற வரைக்கும் மட்டும் விடுங்க. பொரிச்சதும் எல்லாத்தையும் குடுத்துர்றேன்."

"எதுக்கு?"

நூல்கண்டார் அவருடைய சட்டையைப் பார்த்தார். பிறகு, "சேர், ஒங்க சட்டையில மூணாவது பட்டன் வேற கலரு" என்றார். அதிகாரி குனிந்து பார்த்தார். இத்தனை நாளாக அவர் மனைவியே கவனிக்காத விஷயம். நூல்கண்டார் சரியான பட்டனைத் தேடியெடுத்து, சட்டை அவர் உடம்பில் இருக்கும்போதே தைத்துக் கொடுத்தார். அதிகாரி முட்டை டின்னையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பொரிச்ச பொறகு ஒண்ணும் இருக்கக் கூடாது. நான் வருவேன்" என்று போனார். ஆக, ஒரே ஒரு டின். அது தவறினால் வேறு டின் கிடையாது.

அது கரண்ட் இல்லாத காலம். தினமும் மணிக்கணக்காக நாடே இருட்டில் கிடந்தது. பதுளையில் அந்த வருடம் குளிரும் அதிகம். குளிர்சாதனப் பெட்டி ஓடாமல் முட்டைகள் குளிர்ந்துவிடுமோ என்று நூல்கண்டாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டின்னைத் துவாயில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு, மேலே கம்பளிச் சட்டையைப் போட்டு, கடையில் உட்கார்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் அடைகாத்தார். கொக்கி வாங்க வந்த ஒரு பெண் பரிதாபமாகக் கேட்டாள்.

"வயித்துல என்னங்க கட்டு, ஆபரேஷனா?"

"இல்லம்மா, பிள்ளைங்க."

அவள் கொக்கியை வாங்காமலே போய்விட்டாள்.

அவ்வளவு பாடுபட்டும் பாதிக்கு மேல் முட்டைகள் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போயின. மிச்சமிருந்தவை ஒரு மத்தியானம் கீறத் தொடங்கின. என்னைக் கூப்பிட்டார். நான் வாசற்படியைத் தாண்டாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தேன். முதல் குட்டி பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. அதற்கடுத்ததும். நூல்கண்டாரின் உதடு காய்ந்துபோயிருந்தது. நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியாக, சுருங்கி அழுக்காகக் கிடந்த ஒரு முட்டை மட்டும் அசையவே இல்லை. அதைக் கெட்ட முட்டைகளோடு ஒதுக்கிவைக்கக் கை நீட்டினார். கீறல் விழுந்தது. ரோஸ் நிற மூக்கு ஒன்று வெளியே வந்தது.

நூல்கண்டார் கத்தவில்லை, குதிக்கவுமில்லை. டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ப் பெரியக்காவின் மடிக்கு நேரே நீட்டினார்.

"பாருக்கா. அப்பன் பழுப்பு. ஆத்தா பழுப்பு. ரெண்டையும் நீயே பாத்திருக்க. பிள்ளையப் பாரு."

பெரியக்கா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனார்.

"நல்லாப் பாருக்கா. இந்தப் பொட்டப்பாம்பு எல்லவுல வேல செய்யலக்கா."

கடையில் நின்ற நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. பெரியக்கா நெடுநேரம் அந்த வெள்ளைக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கத்தும் அந்தக் குரல் மிகச் சின்னதாக வந்தது.

"ஒனக்கு முந்தி நம்ம வீட்ல ஒரு பய பொறந்தான்டா."

"என்னக்கா?"

"இப்படித்தான் இருந்தான். தலமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. அம்மா சன்னலத் தொறக்கவே விடல. யாருக்கும் காட்டல. கொஞ்ச நாள்ல காய்ச்சல்ல போயிட்டான். வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்க. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா புவனாவ அப்படிக் கேட்ட?"

"பயந்துட்டேன்டா. பிள்ளையப் பாத்ததும் அவன் மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. எல்லாரும் நம்ம வீட்டத் தோண்டிருவாங்கன்னு பயந்துட்டேன்."

நூல்கண்டார் டின்னை மூடினார். அக்காவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமில்லையா? "சோறு போடுக்கா, பசிக்குது" என்றார். பெரியக்கா எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பசறைக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கையில் மூடியில் துளையிட்ட ஜாம் போத்தல். அதற்குள் வெள்ளைக் குட்டி. என் முதுகுக்கும் ஒரு பாம்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மட்டும் இருக்க, அந்த வளைவுப் பாதையில் நான் எப்படி ஓட்டினேன் என்பது எனக்கே தெரியாது. "தம்பி, குழியில விடாதீங்க, பிள்ளைக்கு ஆடும்" என்று அவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

புவனா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். உள்ளே ஏணைகளில் குழந்தைகள் தூங்கின. எங்களைப் பார்த்ததும் அவள் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். நூல்கண்டார் வணக்கம்கூடச் சொல்லாமல் போத்தலை நீட்டி, ஒளிந்திருக்கும் நிறம், இரண்டு பக்கம், நாலுக்கு ஒன்று, நூல்கண்டுக்குள் அட்டை என்று மூச்சுவிடாமல் சொன்னார். தனக்கு முன்னால் பிறந்து இறந்த அண்ணனைப் பற்றி அக்கா சொன்ன கதையையும் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இத்தன வருசம் பாம்பு வளத்து, அது முட்ட போட்டு, அந்தக் குட்டி மறுபடி முட்ட போட்டு, அப்பத்தான் நான் தப்புப் பண்ணலன்னு தெரிஞ்சுச்சா ஒங்களுக்கு?"

"எனக்கு அன்னைக்கே தெரியும் புவனா."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

நூல்கண்டார் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்கக்கா பேசுனத நான் எப்பவோ விட்டுட்டேன். நீங்க பேசாம நின்னதத்தான் விட முடியல." அவள் குரல் உயரவில்லை, உள்ளே குழந்தைகள் தூங்கின. "இத எனக்குக் காட்ட வேண்டியதில்ல. எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போங்க."

அப்போது பாதி சாத்திய கதவுக்குள்ளிருந்து ஒரு சிறுமி வந்தாள். வெள்ளை முடியை இரட்டைச் சடையாகப் பின்னியிருந்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, போத்தலுக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுக்கும் வெயில் கூசுமா அங்கிள்?"

நூல்கண்டார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கூசும்மா."

"அப்ப எதுக்கு வெயில்ல வச்சிருக்கீங்க?"

அவர் அவசரமாகச் சட்டையைக் கழற்றிப் போத்தலைச் சுற்றினார். பனியனோடு, மெலிந்த தோளோடு, அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்திருந்தார். புவனா பிள்ளையின் தோளில் கை வைத்தாள்.

"அங்கிள் இல்லடி. ஒங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதிவழியில் என் காதோரம் சொன்னார்: "தம்பி, பிள்ளையோட முடியப் பாத்தீங்களா? அந்தக் கலர்ல எங்கிட்ட நூலே இல்ல."

சொன்னபடி அதிகாரி வந்தார். பழுப்புக் குட்டிகளையும் தாய் தகப்பனையும் அவர் முன்னாலேயே வாய்க்காலில் விட்டார்கள். வெள்ளைக் குட்டியை மட்டும் அதிகாரி ஒரு பெட்டியில் எடுத்துப் போனார். வெளியே விட்டால் முதல் கொக்கே தூக்கிவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியைக் கழுவி, லேஸ் சுருள்களை மறுபடி அடுக்கினார் நூல்கண்டார். புவனா திரும்பி வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தோட்டத்துக்குப் போனால் துரத்தவும் இல்லை. லயத்து வாசற்படி வரைக்கும்தான். பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கும், குடித்துவிட்டு வருவார். பெரியக்கா அகலமான விளிம்பு வைத்து ஒரு துணித்தொப்பி தைத்துக் கொடுத்தனுப்பினார். முதல் தடவை அது திரும்பி வந்தது. அடுத்த தடவை திரும்பி வரவில்லை. அதற்கடுத்த வருடம் பெரியக்கா கண்ணை மூடிவிட்டார்.

எனக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்தது, கல்யாணமும் ஆனது. போன மழையில் பசறைப் பக்கம் மண் சரிந்து லயங்கள் புதைந்ததாகச் செய்தி வந்தபோது, கடைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அவருடைய கைத்தொலைபேசியும் அப்படியே. அன்று முழுக்க எடுத்தேன், மறுநாளும் எடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலமாகத்தான் அந்தக் குரல் வந்தது, களைத்துப்போய்.

"எங்கண்ணே போயிட்டீங்க?"

"தோட்டத்துக்குத்தான் தம்பி. பஸ்ஸு ஓடல, நடந்து வந்தேன். அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. லயத்து ஆளுங்களையெல்லாம் ஸ்கூல்ல தங்க வச்சிருக்காங்க."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"வெராந்தாவுல. உள்ள பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் படுத்திருக்காங்க."

"புவனா அக்கா உள்ளே வரச் சொல்லலையா?"

"சொல்லல தம்பி." மழைச் சத்தம் கேட்டது. "ஆனா பாயி ஒண்ணு கொண்டாந்து விரிச்சுப் போட்டுட்டுப் போனா. செவத்தோரமா. அங்கதான் சாரல் அடிக்காது."

போனை வைத்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "யாருங்க, ரெண்டு நாளா இப்படித் தவிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நம்ம வீட்டு ஆள்தான்" என்றேன். "சோத்தப் போடு."